“ஹேஸ்”ஸா? “ஹாவ்”வா? தகராறுக் கேள்வியால் தவிக்கும் பிள்ளைகள்!

சிதம்பரம், அண்ணாமலை நகர் வட்டாரத்தில் நர்சிங் முடித்த பெண்களுக்கும், என்ஜினீயரிங் முடித்த பையன்களுக்கும் இப்போது ஒரே பேச்சு. ஐயெல்ட்ஸ்!

ஒரு தடவை எழுதவே கட்டணம் 15 ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. இந்தத் தேர்வு வழியாக இங்கிலாந்தில் நர்சாகப் பதிவு செய்ய, எழுத்தில் ஆறரை, மற்ற மூன்றிலும் ஏழு எடுத்தாக வேண்டும். அரைப் புள்ளி குறைந்தாலும் மறுபடி பணம். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும்.

இத்தனை செலவு செய்யும் பிள்ளையைச் சில வகுப்புகளில் எதை வைத்து மிரட்டுகிறார்கள் தெரியுமா?

“நன் ஆஃப் தி பாய்ஸ்” என்று எழுதி, அடுத்து “ஹேஸ்” போடுவதா, “ஹாவ்” போடுவதா என்று கேட்கிறார்கள். ஒரு கைடு “ஹேஸ்” என்கிறது. இன்னொன்று “ஹாவ்” என்கிறது.

“சார், ரெண்டு புக்கும் ரெண்டு விதமா சொல்லுதே?”

“ஆன்சர் கீயில என்ன இருக்கோ, அதைப் போடும்மா!”

இதற்கா காசு?

உண்மையில் இரண்டுமே சரி. நல்ல ஆங்கிலம் எழுதியவர்கள் காலங்காலமாக இரண்டையும் எழுதியிருக்கிறார்கள். தமிழனுக்கு இது புதுசும் இல்லை. “மாடு வந்தது”, “மாடு வந்தன” இரண்டுக்கும் நன்னூல் இடம் கொடுக்கிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என்று அதற்குப் பெயரும் உண்டு. பவணந்தியார் விட்டுக்கொடுத்தார். கைடு போடுகிறவர் விடமாட்டேன் என்கிறார்!

அமெரிக்காவிலும் தகராறு

கேள்வி தயாரிப்பதில் பெரிய கைகளும் சறுக்கியது உண்டு. 2002-ல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு நடந்த “பிசாட்” தேர்வில், எழுத்தாளர் டோனி மாரிசன் பற்றி ஒரு வாக்கியம். “மாரிசனின் மேதைமை அவரை நாவல் எழுத வைக்கிறது” என்கிற மாதிரி. இதில் பிழை இல்லை என்பது அவர்கள் விடை.

மேரிலாந்து ஆசிரியர் ஒருவர் விடவில்லை. வாக்கியத்தில் “மாரிசனின்” என்றுதான் இருக்கிறது, “மாரிசன்” என்று தனியாக இல்லையே, “அவர்” யாரைக் குறிக்கும் என்று மாதக்கணக்கில் கடிதம் போட்டார். கடைசியில் 2003-ல் அந்தக் கேள்வியையே நீக்கி, மார்க்கை மறுபடி கணக்குப் போட்டார்கள். அங்கே கேட்க ஆள் இருந்தது. இங்கே கைடைக் கேட்பது யார்?

இன்னொரு வேடிக்கை. ஐயெல்ட்சில் பிழை கண்டுபிடித்து டிக் அடிக்கும் இலக்கணப் பகுதியே கிடையாது! எழுத்திலும் பேச்சிலும் மார்க்கில் கால் பங்குதான் இலக்கணத்துக்கு. அங்கே “ஹேஸ்” எழுதினாலும் “ஹாவ்” எழுதினாலும் பிழையாகாது. டோஃபல் தேர்வில் அப்படி ஒரு பகுதி இருந்தது. 2005-ல் இணையவழிக்கு மாறியபோது அதையும் எடுத்துவிட்டார்கள்.

மத்திய அரசு வேலைக்கான பணியாளர் தேர்வாணையப் பரீட்சை வேறு கதை. அதில் பிழை காணும் கேள்வி உண்டு, ஒன்றைத்தான் குறிக்க முடியும். ஆனால் விடையை வெளியிட்டு, கட்டணம் கட்டி ஆட்சேபிக்க வழியும் வைத்திருக்கிறார்கள்.

பயிற்சி வகுப்புக்காரர்கள் தகராறுக் கேள்விகளை மாதிரித் தாளிலிருந்து முதலில் கிழித்து எறியட்டும். மிச்சமாகும் நேரத்தில் பிள்ளைகளைத் தினம் ஒரு பக்கம் எழுத வைத்து, சிவப்பு மையில் திருத்திக் கொடுக்கட்டும். பத்து நிமிஷம் வாய் திறந்து பேச விடட்டும். ஃபீஸ் வாங்குவது அதற்குத்தானே?