டெக்ஸ்ட் படித்தால் நெட் தேற முடியாதாம்!

"மேம், டெக்ஸ்ட் படிக்கிறவங்க நெட் கிளியர் பண்றதில்ல மேம். எங்க கோச்சிங்ல முதல் நாளே சொல்லிட்டாங்க." என்னிடம் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுப் போன பெண் போன வாரம் போனில் சொன்னது இது. ஏதோ கொள்ளையில் நானும் பங்குதாரர் என்பதுபோல் ரகசியக் குரலில் வேறு சொன்னாள். கூடவே தன் டைம்டேபிளையும் கோச்சிங் பிடிஎஃப் ஒன்றையும் அனுப்பிவைத்தாள். பதினெட்டாம் நூற்றாண்டு நாவல் ஒரு நாள். ரொமான்டிக்ஸ் இரண்டு நாள். தியரி மூன்று நாள், ரிவிஷன் உட்பட. பதினெட்டாம் நூற்றாண்டு ஒரே நாளில்! அந்த நூற்றாண்டுக்காரர்களுக்கே அதை முடிக்க நூறு வருஷம் பிடித்தது.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்தான். ஏதோ ஒரு கோச்சிங் சென்டரின் சரக்கு என்று விட்டுவிடவும் முடியவில்லை. சீனியர் சொல்கிறார், யூடியூப் அண்ணன் சொல்கிறார், ஜே.ஆர்.எஃப். ஆய்வு உதவித்தொகையை நூலிழையில் விட்ட பக்கத்துத் தெருத் தம்பி சொல்கிறார். வெட்கக்கேடு, இலக்கியம் கற்பிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் பேராசிரியர்களும் சொல்கிறார்கள்: "டெக்ஸ்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா, முதல்ல மெட்டீரியல முடி." கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தத் தகுதி உண்டா என்று பார்க்கும் தேர்வு இது. அதற்குத் தயாராக முதல் நிபந்தனை, இலக்கியத்தைத் தொடாதே. கேட்பவர்கள் சிரிப்பதுகூட இல்லை, நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள்.

அந்த 'ஒரு நாள்' கணக்கில் அடைபட்ட நாவல்களில் ஒன்று லாரன்ஸ் ஸ்டர்ன் எழுதிய 'டிரிஸ்ட்ரம் ஷேண்டி'. கைடில் அதற்கு ஒன்றரை வரி: ஆசிரியர் பெயர், 1759 முதல் 1767 வரை ஒன்பது பாகங்கள், நனவோடை உத்திக்கு முன்னோடி. அவ்வளவுதான். மஞ்சள் மார்க்கரால் ஒரு இழுப்பு, அடுத்த நாவலுக்குப் போயாயிற்று.

அந்த ஒன்றரை வரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? தன் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறேன் என்று தொடங்குபவன் மூன்றாம் பாகம் வரை பிறக்கவே மாட்டேன் என்கிறான். நூலின் முன்னுரை அதே மூன்றாம் பாகத்தின் நடுவில் வந்து உட்காருகிறது. யோரிக் பாதிரியார் இறந்ததும் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு மை. நாலாம் பாகத்தில் ஒரு அத்தியாயத்தையே காணோம். கிழித்துவிட்டேன் என்கிறான் கதைசொல்லி, பக்க எண்ணும் தாவுகிறது. ஆறாம் பாகத்தில் விதவை வாட்மனின் அழகை வர்ணிக்காமல், உங்களுக்குப் பிடித்த மாதிரி வரைந்துகொள்ளுங்கள் என்று வெற்றுப் பக்கம் ஒன்றை விட்டுவைக்கிறார் ஸ்டர்ன். போதாததற்குத் தன் கதை இதுவரை போன வழியைக் கோணல்மாணல் கோடுகளாக வரைந்தும் காட்டுகிறார். சரி, இதைச் சுருக்குங்கள். வெற்றுப் பக்கத்தின் சுருக்கம் என்ன? கறுப்புப் பக்கத்துக்கு ஒரு மார்க் விடை என்ன? எந்தக் கைடு இதற்கு பதில் வைத்திருக்கிறது?

பதில் வராது. 'அதெல்லாம் எக்ஸாம்ல கேக்க மாட்டாங்க' என்பார்கள். என்ன கேட்கிறார்கள் என்றுதான் பார்ப்போமே. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, ஆக 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தப்பான விடைக்குக் கழிவு கிடையாது. ஆங்கிலத்துக்கான பாடத்திட்டத்தில் பத்து அலகுகள்: நாடகம், கவிதை, புனைகதை, கட்டுரை, மொழி, இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வு, விமர்சனம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோட்பாடு, ஆராய்ச்சி முறை. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகத் தேடிப் பாருங்கள். ஒரு ஆசிரியர் பெயர் இல்லை, ஒரு நூலின் பெயர் இல்லை. 'கவிதை' என்றால் கவிதை. சாசரிலிருந்து நேற்றுப் பரிசு வாங்கியவர் வரை எதையும் கேட்கலாம். கரையே இல்லாத இந்தப் பாடத்திட்டத்தை ஒரு வரிக் குறிப்புகளால் 'கவர்' பண்ணப் போகிறார்களாம். கைக்குட்டையால் காவிரியை மூடப் பார்க்கிறார்கள்.

வரிசைப்படுத்தும் கேள்விகளைத்தான் பெரிய பூதமாகக் காட்டுவார்கள். நாலு நூல்களைக் கொடுத்து எது முதலில் வந்தது என்று கேட்பார்கள். இதற்காக ஆண்டுகளை சுவரெல்லாம் ஒட்டிவைத்து, பல் தேய்க்கும்போதும் முணுமுணுக்கிறார்கள் பிள்ளைகள். ரிச்சர்ட்சனின் 'பமீலா' 1740, ஃபீல்டிங்கின் 'ஷமீலா' 1741, அவரே எழுதிய 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' 1742. மனப்பாடக்காரருக்கு இவை மூன்று தனித்தனி எண்கள். தேர்வறைப் படபடப்பில் எது முன், எது பின் என்று குழம்பும். படித்தவருக்குக் குழப்பம் எங்கிருந்து வரும்? பமீலாவைக் கேலி செய்யப் பிறந்தவள் ஷமீலா. பமீலாவின் தம்பியாக வருபவன் ஜோசப். கேலி, கேலி செய்யப்பட்டவளுக்கு முன்னால் பிறக்க முடியுமா? 'ஜேன் ஐர்' நாவலின் மாடியறையில் அடைத்துவைத்த பெண்ணுக்காக எழுதப்பட்டதுதான் ஜீன் ரீஸின் 'வைட் சர்காஸோ ஸீ' என்று தெரிந்தவருக்கு 1847-ம் 1966-ம் தாமாகவே இடத்தில் போய் உட்காரும். படிப்பது நேர விரயமாம். விரயமாவது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த மெட்டீரியல்களின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் அனுப்பிய பிடிஎஃபில் வேர்ட்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற முன்னுரை 1798-ல் 'லிரிக்கல் பேலட்ஸ்' முதல் பதிப்போடு வந்ததாகப் போட்டிருந்தது. 1798 பதிப்பில் இருந்தது சின்ன அறிவிப்பு ஒன்றுதான். முன்னுரை 1800 பதிப்பில் வந்தது. இன்னொரு பக்கத்தில் 'பாரடைஸ் லாஸ்ட்' 1667, பன்னிரண்டு காண்டம். 1667-ல் அது பத்துக் காண்டம். 1674-ல்தான் பன்னிரண்டாகப் பிரித்தார் மில்டன். ஒரு கைடில் பிறந்த தப்பு அடுத்த கைடில் வளர்ந்து, யூடியூபில் வேலைக்குச் சேர்ந்து, டெலிகிராமில் குடும்பம் நடத்துகிறது. மூலநூலைத் திறக்காதே என்று சொல்லிவைத்த பிறகு எந்தப் பிள்ளை போய்ச் சரிபார்க்கும்? இதற்குக் கட்டணம் வேறு, தவணையில் கட்டலாமாம்.

தியரிக்கு மூன்று நாள் என்றேனே, அதில் ரஷ்யர் விக்டர் ஷ்க்ளோவ்ஸ்கிக்கு எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? ஒரு அம்புக்குறி. ஷ்க்ளோவ்ஸ்கி, அம்புக்குறி, டிஃபெமிலியரைசேஷன், 1917. பழகிப்போனதைப் புதிதாகப் பார்க்கவைப்பது கலை என்ற அவர் வாதத்துக்கு அதில் இடமில்லை. அந்த ஷ்க்ளோவ்ஸ்கி தன் கோட்பாட்டை விளக்க எந்த நாவலை எடுத்து ஒரு முழு அத்தியாயம் எழுதினார் தெரியுமா? நம்முடைய ஷேண்டியைத்தான். கறுப்புப் பக்கத்தையும் இடம் மாறிய முன்னுரையையும் பார்த்தவருக்கு அவர் என்ன சொல்கிறார் என்று பத்து நிமிடத்தில் விளங்கும். பார்க்காதவர் அந்தப் பெயரைப் பத்து வருஷம் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கலாம். நாவலையும் மனப்பாடம், அந்த நாவலைப் பற்றிய கோட்பாட்டையும் மனப்பாடம், இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. இதற்குப் பெயர் தயாரிப்பு!

தேர்வை நடத்துகிறவர்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. இந்த மூடநம்பிக்கைக்குத் தண்ணீர் ஊற்றியவர்களே அவர்கள்தான். ஒரு காலத்தில் நெட்டில் மூன்றாம் தாள் என்று ஒன்று இருந்தது. உட்கார்ந்து எழுத வேண்டும். ஒரு கவிதையைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று வாக்கியமாகச் சொல்ல வேண்டும். 2012 ஜூனில் அதையும் டிக் அடிக்கும் தாளாக்கினார்கள். 2018-ல் மூன்று தாளை இரண்டாக்கினார்கள். ஆக 2012 முதலே இந்த நாட்டில் ஒரே ஒரு வாக்கியம்கூட எழுதிக் காட்டாமல் இலக்கிய ஆசிரியராகத் தகுதி பெறலாம். எழுதச் சொல்லாத தேர்வுக்கு ஏன் படிக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்தால் குற்றம் யார்மேல்?

அப்புறம் இந்தத் தேர்வு படும் பாடு. 2024 ஜூன் 18 அன்று ஒன்பது லட்சம் பேர் எழுதினார்கள். மறுநாளே ரத்து என்றார்கள். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி ஆரம்பத்திலிருந்து. இதே தகுதிக்கான நம் மாநில செட் தேர்வும் அதே 2024 ஜூனில் நடக்க இருந்து, தள்ளிப்போய், 2025 மார்ச்சில்தான் நடந்தது. உதவிப் பேராசிரியர் வேலைக்குப் பிஎச்.டி. கட்டாயம் என்றார்கள், ஒத்திவைத்தார்கள், 2023-ல் கட்டாயமில்லை என்றார்கள். அடுத்த வருஷமே பிஎச்.டி.யில் சேரவும் நெட் மதிப்பெண் கொண்டுவா என்றார்கள். இந்த ஊஞ்சலில் மனப்பாடம் எத்தனை நாள் தாங்கும்? ஜூனில் உருப்போட்ட ஆண்டுகள் ஆகஸ்டில் ஆவியாகிவிடும். ஜூனில் படித்த நாவல் ஆகஸ்டிலும் நாவல்தான். எந்த முகமை எந்தத் தேர்வை ரத்து செய்தாலும், கேட்ட கதையை யாராலும் ரத்து செய்ய முடியாது. இந்தச் சின்ன விஷயம்கூடக் கோச்சிங்காரர்களுக்குத் தெரியவில்லையா? தெரியும். தெரிந்தால் ரிவிஷன் பேட்ச் ஓடாதே!

கல்லூரிகள் மட்டும் என்னவாம்? மூன்று வருஷம், ஐந்து வருஷம் இலக்கியம் படிக்க வந்த பிள்ளைக்கு ஸெராக்ஸ் நோட்ஸ். நாவலைக் கையில் எடுத்தால் "செமஸ்டருக்கு இது வராது" என்று ஆசிரியரே பிடுங்கிவைப்பார். நூலகத்தில் கண்ணாடி பீரோ, பூட்டு, சாவி லீவில் போன உதவியாளரிடம். கோச்சிங் சென்டரில் கற்பிப்பது புது வித்தை ஒன்றுமில்லை. நாங்கள் வகுப்பறையில் ஆரம்பித்துவைத்ததை அவர்கள் ஏசி அறையில் முடித்துவைக்கிறார்கள். இத்தனையும் தாண்டி ஆசிரியர் தகுதிக்குத் தேறுவது தேர்வு எழுதியவர்களில் மிகச் சிலர்தான். தேறிய பிறகு என்ன கிடைக்கிறது? ஒரு சான்றிதழும் கௌரவ விரிவுரையாளர் வேலையும். அந்த வேலைக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019-ல் எழுதிவைத்திருக்கிறது. அந்த ஐம்பதாயிரத்தை முழுசாகக் கண்ணால் பார்த்த கௌரவ விரிவுரையாளர் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், மாலை வாங்கிக்கொண்டு நானே வருகிறேன்.

பட்டியலை நம்பும் நோய்க்கு நம் ஊரிலேயே மருந்து கொடுத்த ஒருவர் இருந்தார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே.சாமிநாதையர், அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் முதலியார். அந்தாதி, கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார் ஐயர். அத்தனையும் அவர் நிஜமாகவே குருவிடம் பாடம் கேட்டவை. பிடிஎஃபில் பார்த்தவை இல்லை. அதுவே முதலியாருக்குப் போதவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். ஐயர் அதற்குப் பட்டியல் தேடிப் போகவில்லை, கைடு தேடிப் போகவில்லை. ஏட்டுச்சுவடியைத் தேடிப் போனார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. இன்றைய ஆலோசகர்கள் அன்று கும்பகோணத்தில் இருந்திருந்தால், "சிந்தாமணிக்கு வெயிட்டேஜ் கம்மி சார், அத விடுங்க" என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். நாமும் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

நேரமில்லை என்ற பாட்டை மட்டும் என்னிடம் பாடாதீர்கள். நாள் முழுக்க மாக் டெஸ்ட் எழுத நேரம் இருக்கிறது, கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்று நடுராத்திரி வரை விவாதிக்க நேரம் இருக்கிறது, டாப்பர் இன்டர்வியூ பார்க்க நேரம் இருக்கிறது. ஷேண்டிக்கு மட்டும் நேரம் இல்லை. இரண்டு அட்டெம்ப்ட், மூன்று அட்டெம்ப்ட் என்று வருஷங்களை வாரி இறைப்பவர்களுக்கு ஒரு நாவலுக்கான ஒரு வாரம் கண்ணை உறுத்துகிறது.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். ஆங்கிலத் துறைக்கு ஆள் எடுக்கும்போது நெட் சான்றிதழை வாங்கி ஓரமாக வையுங்கள். பூட்டிய பீரோவைத் திறந்து ஏதாவது ஒரு நாவலை எடுங்கள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துக் கொடுத்து, பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்லுங்கள். கையில் அகப்படுவது ஷேண்டியாக இருந்தால் நல்லது. அந்தக் கறுப்புப் பக்கமாகவே இருந்துவிட்டால் இன்னும் நல்லது. 'சார், இது பிரின்டிங் மிஸ்டேக்' என்று புத்தகத்தைத் திருப்பித் தருபவரை டீ கொடுத்து வழியனுப்பி வையுங்கள். மற்றவரை வேலைக்கு எடுங்கள். எடுத்த பிறகு சம்பளத்தை முழுசாகக் கொடுங்கள்.