இன்னுமா படிக்கிறாள்?

சென்ற பொங்கல் விழாவில் சங்க நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்கள் பெண் இன்னுமா படிக்கிறாள்?" பதில் சொல்லக் கூசினேன். பிறகு அப்படிக் கூசியதற்காக வெட்கப்பட்டேன்.

அவள் படிக்கவில்லை, வேலை செய்கிறாள். பி.எச்.டி. முடித்து ஓர் ஆய்வுக்கூடத்தில் ரிசர்ச் அசோசியேட்டாக இருக்கிறாள். இவர்களுக்கு மத்திய அரசு 2023-இல் மாதம் ரூ.58,000 முதல் ரூ.67,000 வரை நிர்ணயித்தது. வீட்டு வாடகைப்படி தனி. தொகை குறைவில்லை. ஆனால் அது மாதாமாதம் வருவதில்லை. ஒருமுறை ஐந்து மாதம் வரவேயில்லை. பிறகு மொத்தமாக வந்தது. வீட்டுக்காரர் ஐந்து மாதம் காத்திருப்பாரா? அவளுக்கு நான் இருந்தேன். அப்பா கையில் பணமில்லாத பிள்ளை என்ன செய்யும்? ஆராய்ச்சியைத்தான் விடும்.

உதவித்தொகையைக் கூட்டுவதை விட, முதல் தேதியில் கொடுப்பதே அரசு செய்யவேண்டிய முதல் காரியம் என்பேன்.

நம் வீடுகளுக்கும் ஒரு வேலை உண்டு. அறிவியல், பொறியியல் பிள்ளைகளுக்கு நேஷனல் போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப் இருக்கிறது. காலம் 2 ஆண்டு. வயது வரம்பு 35, பெண்களுக்கு 5 ஆண்டு சலுகை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாலே போதும், பட்டம் கைக்கு வருமுன்பே விண்ணப்பிக்கலாம். சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தருகிறது. எந்த மாநிலத்தில் பிறந்தவர் என்று யாரும் பார்ப்பதில்லை. முடிவு வரப் பல மாதமாகும். ஆகவே ஆய்வேட்டை எழுதும்போதே வழிகாட்டும் பேராசிரியரைத் தேடத் தொடங்கட்டும்.

அடுத்த பொங்கலுக்கு அந்த நண்பர், "ஆராய்ச்சி எப்படிப் போகிறது?" என்று கேட்டால் போதும்.