இரணசன்னியும் அரசின் கடனும்

பிணியுற்றோரைக் காப்பதில் வேறுபாடு காட்ட எந்த அரசுக்கும் உரிமையில்லை என்பது பொதுநெறி. எனினும், சில வாரங்கள் தாங்கிப் பிடித்தால் முழுநலத்தோடு எழக்கூடிய ஒருவரைக் கைவிடுவது, எவ்வளவு முயன்றும் மீட்க இயலாத ஒருவரை இழப்பதைக் காட்டிலும் பெரும்பிழையாகும். டெட்டனஸ் எனப்படும் இரணசன்னி இந்த நெறியைக் கடுமையாகச் சோதிக்கும் நோய். மண்ணிலும் சாணத்திலும் நெடுங்காலம் அழியாதிருக்கும் நுண்ணுயிர், ஆழ்ந்த புண்ணில் காற்றுப் புகாத இடம் கண்டு பெருகி உமிழும் நச்சு, தசைகளைத் தளரச்செய்யும் நரம்புகளின் செயலை முடக்கிவிடுவதால், தாடை பூட்டிக்கொள்கிறது. முதுகு பின்னோக்கி வளைகிறது. குரல்வளை இறுகி மூச்சு தடைப்படுகிறது. இத்தனைக்கும் நோயாளியின் அறிவு மங்குவதில்லை. ஒவ்வோர் இழுப்பின் வேதனையையும் அவர் முழு உணர்வோடு தாங்குகிறார்.

நரம்பில் பற்றிக்கொண்ட நச்சை விடுவிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. எதிர்நஞ்சு, இன்னும் நரம்பை அடையாத நச்சை மட்டுமே முறிக்கும். புண்ணை அகழ்ந்து தூய்மை செய்வதும் மெட்ரோனிடசோல் செலுத்துவதும் மேலும் நச்சு ஊறாமல் தடுக்கும். அதன்பின் மருத்துவம் செய்யக்கூடியது, நரம்பு முனைகள் புதிதாய்த் துளிர்க்கும் வரை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள், அந்த உயிரை நிலைநிறுத்தி வைப்பதே.

இவ்வாறு நிலைநிறுத்தும் கலை பிறந்ததிலேயே இந்நோய்க்குப் பங்குண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1952ஆம் ஆண்டுக் கோடையில், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், இரணசன்னி கண்ட ஒரு பச்சிளங்குழந்தைக்கு மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கியூராரே மருந்தைக் கொடுத்து, மூச்சைக் கையால் செலுத்திப் பார்த்தார். அதே கோடையில் இளம்பிள்ளைவாதம் அந்நகரைச் சூழ்ந்து, மூச்சுத்தசை செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்று வாரங்களுக்குள் மாண்டபோது, பிளெக்டம் மருத்துவமனை அவரையே நாடியது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாய்க் காற்றுப்பையை அமுக்கி, நூற்றுக்கணக்கானோருக்கு மூச்சளித்தனர். அதன் விளைவாக 1953 டிசம்பரில் அந்நகரின் நகராட்சி மருத்துவமனையில் உருவான கூடமே, இன்று நாம் அறியும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு முன்னோடியாயிற்று. அந்நாளில் அங்கே மூச்சுப்பொறிகள் மிகச் சிலவே. இல்லாததைக் காரணம் காட்டி அந்நகரம் தன் பிள்ளைகளைக் கைவிடவில்லை என்பதையே நாம் முன்னுதாரணமாகக் கொள்கிறோம்.

அந்த மரபைப் பின்னாளில் சுமந்தவை செல்வ நாடுகள் மட்டுமல்ல. இழுப்பை அடக்க மெக்னீசியம் சல்பேட்டைச் செலுத்தி, முழங்கால் அனிச்சையைத் தட்டிப் பார்த்தே அளவு மிகாமல் காக்கலாம் என்று கொழும்பின் மருத்துவர்கள் தீப்தி அத்திகலவும் நளின் ரொட்ரிகோவும் எடுத்துக்காட்டினர். வியட்நாமின் ஹோ சி மின் நகரில் 256 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஆய்வு, மூச்சுப்பொறியின் தேவையை அம்மருந்து குறைக்கவில்லை என்றும், இழுப்பையும் இதயத் தடுமாற்றத்தையும் அடக்கத் தேவைப்பட்ட பிற மருந்துகளைக் குறைத்தது என்றும் நேர்மையாகப் பதிவுசெய்தது. குருதியழுத்தம் ஒரு மணிக்குள் வானளவு ஏறிப் பாதாளத்துக்கு இறங்கும் இரண்டாம் வாரத்தில், உயிர் தங்குவதும் போவதும் பெரும்பாலும் கட்டிலருகே விழித்திருக்கும் செவிலியரின் கையில்தான். ஒளியும் ஓசையும் தீண்டலும் இழுப்பைத் தூண்டும் என்பதால் அறையை அமைதியாக வைத்து, சளியை உறிஞ்சி, படுக்கைப்புண் வராமல் புரட்டி, குழாய்வழி உணவூட்டும் அவர்களுடைய உழைப்பு எந்த மருந்துப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

ஒரு கட்டிலை ஒருவருக்கே ஆறு வாரம் ஒதுக்குவது பலருக்கு இழைக்கும் அநீதியன்றோ என்று வினவுவோர் உண்டு. அவ்வினா இரக்கமற்றதன்று, பற்றாக்குறையை நாள்தோறும் காண்பவரின் வினா அது. ஆயினும், பிழைத்தெழுவோரில் பெரும்பாலோர் தம் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் திரும்பக்கூடியவர் எனும்போது, அந்த ஆறு வாரம் வீண்செலவாகாது. கட்டில் குறைவென்றால் கட்டிலைப் பெருக்குவதே முறை.

அச்செலவின் அளவை அறிய விரும்புவோர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைக் காண்க. 2017இல், தடுப்பூசி ஏதும் பெறாத ஆறு வயதுச் சிறுவன் நெற்றிக் காயத்தால் இந்நோய்க்கு ஆளாகி, 57 நாள் மருத்துவமனையில் கிடந்து, அவற்றில் 47 நாளைத் தீவிர சிகிச்சையில் கழித்தான். செலவு 8 இலட்சம் டாலரைக் கடந்தது. சில ரூபாய்க்குக் கிடைக்கும் தடுப்பூசி இத்தனையையும் தவிர்த்திருக்கும்.

இந்தியா, தாய்க்கும் பிறந்த சேய்க்கும் வரும் இரணசன்னியை ஒழித்ததாக 2015இல் சான்று பெற்றது போற்றற்குரியது. ஆனால் நமது தேசிய அட்டவணை, 16 வயதுத் தவணைக்குப் பின் கருவுற்ற பெண்களைத் தவிர வேறெவரையும் நினைப்பதில்லை. வயலிலும் தொழுவத்திலும் உழைக்கும் முதியோர், குறிப்பாக ஆண்கள், காப்பின்றியே வாழ்கின்றனர். ஆகவே, பத்தாண்டுக்கொரு ஊக்கத் தவணையை முதியோருக்கும் முறைப்படுத்துக. மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் இந்நோயாளியை வாரக்கணக்கில் காக்கவல்ல கட்டிலும் பயிற்சிபெற்ற செவிலியரும் இருக்குமாறு நிதி ஒதுக்குக. ஒருமுறை வந்த இரணசன்னி மறுமுறை வாராதென்னும் காப்பைத் தருவதில்லையாதலால், குணமாகி இல்லம் திரும்பும் எவரும் தடுப்பூசி பெறாமல் மருத்துவமனை வாயிலைக் கடக்கலாகாது என்று ஆணையிடுக.