சந்தன எண்ணெயும் 149ஆம் முகடும்

முதல் உலகப் போரினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்ட காலத்தில், 1916-17இல், மைசூர் சமஸ்தானம் தன் சந்தனக் கட்டையைத் தானே வடித்து எண்ணெயாக்கத் தொடங்கியது. விலையுயர்ந்த பொருளாதலின் கலப்படமும் அவ்வெண்ணெயை விடாது தொடர்ந்து வருகிறது. கலப்போர் நாடும் பொருள்களுள் ஒன்று டை எத்தில் தாலேட். அதற்கு நிறமில்லை, மணமும் இல்லையெனலாம், ஒளிவிலகல் எண்ணோ சந்தன எண்ணெயின் எண்ணுக்கு மிக அண்மையது.

கண்ணும் மூக்கும் ஏமாறும் இவ்விடத்தில் நிறை நிறமாலைமானி உதவுகிறது. அக்கருவியில் மூலக்கூறுகள் எலெக்ட்ரான்களால் தாக்குண்டு, மின்னேற்றம் பெற்று உடைகின்றன. துண்டுகள் நிறைப்படி பிரிந்து வரைபடத்தில் முகடுகளாகப் பதிவாகின்றன. டை எத்தில் தாலேட்டின் மூலக்கூறு நிறை 222. அதனின்று 45 நிறையுள்ள எத்தாக்சித் தொகுதி நீங்க 177. மேலும் 28 நிறையுள்ள எத்திலீன் நீங்க 149. இந்த 149ஆம் முகடே யாவற்றினும் உயர்ந்து நிற்கும். இக்கழித்தல் கணக்கை உயர்நிலைப் பள்ளி மாணவனும் கரும்பலகையில் போட்டுவிடுவான்.

ஆயினும் அவ்வுயரமே ஆராய்வோரை மயக்குகிறது. தாலேட் எஸ்டர்களுள் பெரும்பாலானவை 149ஐத் தருவனவே. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கப்படும் எஸ்டர்களும் அவற்றுள் அடங்கும். புட்டியின் மூடியிலிருந்தோ கரைப்பான் சென்ற குழாயிலிருந்தோ அணுவளவு கசிந்தாலும் முகடு தோன்றிவிடும். போதாக்குறைக்கு, சந்தன எண்ணெய்க்கு உரிய செஸ்குவிடெர்ப்பீன் குடும்பத்துச் சேர்மங்கள் பலவும் 11 கார்பனும் 17 ஹைட்ரஜனும் கொண்ட துண்டினால் அதே எண்ணில் வந்து நிற்பதுண்டு. முன்னது 149.02, பின்னது 149.13, சாதாரணக் கருவி இவ்வேறுபாட்டைப் பிரித்தறியாது.

எனவே ஒரு முகட்டை மட்டும் காட்டி வணிகர் ஒருவர்மீது கலப்படக் குற்றம் சாட்டுதல் முறையன்று. 177 உடனிருத்தல் வேண்டும். 222 சிறிதாயினும் தென்படல் வேண்டும். வாயு நிறவரைவியில் வெளிவரும் நேரமும் தூய பொருளின் நேரத்தோடு ஒத்தல் வேண்டும். இளக்கியாகப் பயன்படும் டை பியூட்டில் தாலேட்டாயின் 205, 223 என்னும் சிறு முகடுகள் அதனைக் காட்டிக்கொடுக்கும். அளவையும் நோக்குதல் தகும்: கலப்போர் நூற்றுக்குப் பல பங்கு சேர்ப்பரேயன்றி, இலட்சத்தில் ஒரு பங்கு சேர்த்து இலாபம் காணார்.

இக்குழப்பத்தில் ஒரு பகுதி ஆராய்ச்சிக்கூடத்தின் வாயிலுக்கு வெளியிலேயே விளைகிறது. மாதிரி எடுக்கும் களப்பணியாளர் கண்ணாடிப் புட்டியையே கையாளுதல் நன்று. அதே வகைப் புட்டியொன்றில் தூய கரைப்பானை மட்டும் ஊற்றி உடன் அனுப்புதலும் வேண்டும். இது வீண் வேலை என்பாரும் உளர். வணிகரின் உரிமம் பறிபோகும் வழக்கில் அவ்வாறு கூறுதல் பொருந்தாது. கரைப்பான் மட்டுமுள்ள அப்புட்டியிலும் 149 எழுமாயின், எண்ணெயைப் பற்றிய அறிக்கை மீண்டும் எழுதப்பட வேண்டியதே.