முதற்கண் கற்கத் தக்கது சீனமோ, கொரியமோ?

தாய்மொழியோடு ஆங்கிலமும் கற்ற மாணவன் பிறிதோர் அயன்மொழியையும் கற்றல் நன்றென்பதில் எவர்க்கும் ஐயமிராது. அம்மொழி யாதாதல் வேண்டும் என்னுமிடத்திலேயே கருத்து வேறுபாடு தோன்றுகின்றது. எம் விடுதியில் இவ்வாண்டு அவ்வேறுபாடு இரவுணவிற்குப் பின் நாள்தோறும் தோன்றி, சிலபொழுது விளக்கணைக்கும் வேளைவரை நீண்டது. கீழ்த்திசை மொழிகளுள் ஒன்றனைப் பயிலவேண்டும் என்பதில் யாவரும் ஒருமித்தனர். சீனத்தை முற்கற்பதா, கொரியத்தை முற்கற்பதா என்பதே வழக்கு. பதின்மருள் ஒன்பதின்மர் கொரியத்தின் பக்கம் நின்றனர். எஞ்சிய ஒருவர் யாம். எம் கட்சிக்குரிய காரணங்களை ஆரவாரமின்றி எடுத்துரைக்க அவ்விரவுகளில் இடம் வாய்த்திலது. ஆதலின் இம்மலரின் பக்கங்களை நாடினோம்.

முதலில் ஒன்றை மறையாது கூறிவிடுதல் முறை. யாமும் முன்னர்க் கொரியக் கட்சியினரே. சென்ற கோடை விடுமுறையில் ஒரு சிறு நூலையும் கைப்பேசியையும் துணையாகக் கொண்டு அம்மொழியைத் தொடங்கினோம். மூன்றே நாளில் எழுத்தெல்லாம் கைவந்தன. அவ்வெழுத்தைக் கண்டு வியவாதார் யாவர்? 1443 ஆம் ஆண்டில் சேஜோங் என்னும் அரசர் அமைத்து, 1446 இல் தம் குடிகட்கு வழங்கிய எழுத்து அது. இன்று வழங்கும் அடிப்படை எழுத்துக்கள் மெய் 14, உயிர் 10, ஆக 24. ககர ஓசைக்குரிய எழுத்து, நாவின் அடி மேலெழுந்து தொண்டையை அடைக்கும் தோற்றம். நகரத்திற்குரியது, நுனிநா மேலெழுந்து பொருந்தும் தோற்றம். மகரத்திற்குரியது வாயின் வடிவம். தொல்காப்பியப் பிறப்பியலில் நா, பல், இதழ், அண்ணம் என்று சொல்லளவிற் கற்றவற்றை, வேற்று நாட்டார் கோடுகளாக வரைந்து வைத்திருத்தலைக் கண்டபொழுது எமக்குண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

எழுத்தைக் கடந்து சொற்றொடருட் புகுந்தால் மகிழ்ச்சி இன்னும் மிகும். எழுவாய் முன்னும், செயப்படுபொருள் இடையும், பயனிலை இறுதியிலும் நிற்கின்றன. உருபுகள் பெயரின் பின்னே ஒட்டுகின்றன. பெரியோரைக் குறித்துப் பேசுங்கால் வினைச்சொல் வேறு வடிவங் கொள்கின்றது. ‘காகம்’ என்பதில் முதற் ககரம் வல்லென்றும், இடைக் ககரம் மெல்லென்றும் ஒலிப்பினும் நாம் எழுதும் எழுத்து ஒன்றே; இறைச்சியைக் குறிக்கும் ‘கொகி’ என்னும் கொரியச் சொல்லிலும் அவ்வாறே. ‘கல்’ என்பதன் முன் ‘மலை’ வரின் ‘கன்மலை’ ஆதல் நன்னூல் கற்றார் அறிந்தது; நாட்டைக் குறிக்கும் ‘குக்’ என்பதன் முன் மக்களைக் குறிக்கும் ‘மின்’ வரின் ஒலிப்பில் ‘குங்மின்’ ஆகின்றது. புணர்ச்சி விதி மனப்பாடஞ் செய்து வருந்திய தமிழ் மாணவர்க்கு அவ்வருத்தம் பயன்படும் இடம் உலகில் இன்னொன்றும் உண்டு என்றறிதல் ஆறுதலே.

இவ்வொற்றுமைகளைக் கண்டு மயங்கினோர் யாம் மட்டுமல்லேம். கால்டுவெல் ஐயர் 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 1905 இல், கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கப் பாதிரியாரான ஹோமர் ஹல்பர்ட் என்பார் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணநூல் எழுதினார். இரண்டும் ஒரு குடியின என்னும் அவர்தங் கொள்கையை மொழிநூலார் பொதுவாக ஏற்றிலர். எனினும் விடுதியில் அக்கொள்கைக்கு இன்றும் வலிமை மிகுதி. தந்தையை ‘அப்பா’ என்கின்றனர். நாளை ‘நல்’ என்கின்றனர். தன்னை ‘நா’ என்கின்றனர். புல்லையும் ‘புல்’ என்றே வழங்குகின்றனர். இனி வேறென்ன சான்று வேண்டும் என்பது நண்பர்கள் வினா. அந்தப் ‘புல்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மூச்சு மிகச் சொல்லின் அது புல். மூச்சுக் குறையச் சொல்லின் நெருப்பு. தொண்டையை இறுக்கிச் சொல்லின் கொம்பு. தமிழெழுத்தால் மூன்றனையும் ‘புல்’ என்றன்றி எழுதல் அரிது. உறவு கொண்டாடச் சென்றவன் புல்லைக் கேட்டு நெருப்பைப் பெறுவான்.

இஃது ஒருபுறம் இருக்க. நான்கு திங்கள் கழிந்தபின் எம் நிலையை யாமே ஆராய்ந்தோம். கொரிய மொழியில் எந்தத் தாளைக் கொடுப்பினும் தடையின்றி உரக்கப் படிப்போம்; படித்ததன் பொருள் யாதென வினவின் விடையில்லை. ஒருநாள் விடுதி நண்பர் ஒருவர் கொரியச் செய்தித்தாள் ஒன்றன் பகுதியை நீட்ட, யாம் அதனைப் பத்து வரி கம்பீரமாகப் படித்தோம். “என்ன செய்தி?” என்றார். ‘இன்று’ என்னும் ஒரு சொல்லன்றி வேறொன்றும் எமக்கு விளங்கவில்லை. கூடியிருந்தோர் நகைத்த நகைப்பு இன்னும் செவியில் உளது.

இதற்குக் காரணம் எம் சோம்பல் மட்டுமன்று. கொரிய மொழியின் சொற்களுட் பாதிக்கு மேற்பட்டவை சீனத்திலிருந்து வந்தவை. மாணவன் ‘ஹக்சேங்’, பள்ளி ‘ஹக்க்யோ’, பல்கலைக்கழகம் ‘தேஹக்’, இலக்கியம் ‘முன்ஹக்’, அறிஞன் ‘ஹக்ஜா’. இவற்றிலெல்லாம் பயின்றுவரும் ‘ஹக்’ என்பது கல்வியைக் குறிக்கும் ஒரே சீனச்சொல். இன்றைய சீனத்தில் அது ‘ஷுயே’. மாணவன் ‘ஷுயேஷெங்’, பல்கலைக்கழகம் ‘தாஷுயே’, இலக்கியம் ‘வென்ஷுயே’. முற்காலச் சீனத்தில் அச்சொல் ககரமெய்யில் இற்றது. வடபுலச் சீனம் அம்மெய்யைக் கைவிட, கொரியம் காத்து வைத்துள்ளது. வித்தை, வித்துவான், வித்தியார்த்தி, வித்தியாசாலை என்னும் சொற்களை வேர் அறியாது தனித்தனியே உருப்போடும் அயல்நாட்டானை நினைத்துப் பார்மின். நான்கு திங்கள் யாம் செய்தது அதுவே.

வேரறியாமை இடர்ப்பாடு விளைக்குமிடம் இன்னொன்று. கொரியத்தில் ‘சு’ என்பது நீர். ‘சு’ என்பது கை. ‘சு’ என்பது எண். ‘சு’ என்பது மரமுமாம். நீந்துதலைக் குறிக்கும் ‘சுயோங்’, கைத்துண்டைக் குறிக்கும் ‘சுகொன்’, கணக்கியலைக் குறிக்கும் ‘சுஹக்’ மூன்றிலும் முதலெழுத்து ஒன்றே. சீன எழுத்தில் இவை வெவ்வேறு வடிவின. ஒருமுறை கண்டவன் மயங்கான். முன்னாளிற் கொரியர் அவ்வெழுத்துக்களையும் கலந்தெழுதினர். வட கொரியா 1949 இல் அவற்றை நீக்கிற்று. தென் கொரியாவிலும் நாளடைவில் அவை செய்தித்தாள்களினின்று பெரும்பாலும் மறைந்தன. அவர்கட்கு அது நன்மையே. தாய்ப்பாலோடு பருகிய சொற்களுக்கு வேர் காட்டுவார் வேண்டா. அயலார்க்கோ விளக்கை அணைத்துவிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாற் போல்வது. இதனினும் வியப்பு ஒன்றுண்டு. சேஜோங் அரசரின் புதிய எழுத்தை விளக்கி 1446 இல் இயற்றப்பெற்ற உரைநூலே சீன மொழியில் எழுதப்பட்டதாகும்! அரசாங்க ஆவணங்களுக்குக் கொரிய எழுத்து உரிமை பெற்றது 1894 இல். அந்நாட்டின் பழைய வரலாற்றை மூலத்தில் அறியப் புகுவான் சீனத்தின் வாயிலையே தட்டவேண்டும்.

இனிச் சீனத்தின் அருமையை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. முதலாவது இடர் இசை. ‘மா’ என்பதைச் சமனாக உயர்த்திச் சொல்லின் தாய், கீழிருந்து ஏற்றிச் சொல்லின் சணல், தாழ்த்திச் சொல்லின் குதிரை, மேலிருந்து வெட்டென இறக்கிச் சொல்லின் வைதல். நமக்கும் ‘மா’ என்பது மரமும் குதிரையும் நிலவளவும் ஆகும். ஆயின் நாம் இடம்நோக்கிப் பொருள் கொள்வோம், அவர் இசைநோக்கிக் கொள்வர். (குதிரைப் பொருள் இரண்டிடத்தும் உளதென்று எவரும் புதிய உறவு தொடங்கற்க.) இரண்டாவது இடர் எழுத்து. சீன அரசு 1988 இல் வெளியிட்ட பொதுவழக்கு எழுத்துப் பட்டியலில் 3,500 எழுத்துக்கள் உள. அவற்றைக் கண்டு அஞ்சாதவன் பொய்யன்.

ஆயினும் அவை 3,500 வெவ்வேறு ஓவியங்கள் அல்ல. ஒரு மரம் வரைந்தால் மரம், இரண்டு வரைந்தால் தோப்பு, மூன்று வரைந்தால் அடவி என்பது யாவரும் எடுத்துக்காட்டுவது. அவ்வகை எழுத்துக்கள் சிலவே. பெரும்பாலன ஒருபாதி பொருளையும், ஒருபாதி ஓசையையும் காட்டுவன. ‘சிங்’ என்னும் ஓசைக்கு ஓர் உறுப்புண்டு. அதனோடு நீரைச் சேர்த்தால் தெளிவு. நெஞ்சைச் சேர்த்தால் உணர்ச்சி. ஞாயிற்றைச் சேர்த்தால் மழை ஓய்ந்த வானம். சொல்லைச் சேர்த்தால் ‘அருள்கூர்ந்து’ என்னும் வேண்டுகோள். இசை சிறிது வேறுபடினும் நான்கும் ‘சிங்’ என்றே ஒலிக்கும். பகுதி விகுதி பிரித்துப் பழகிய தமிழ் மாணவன் கண்ணுக்கு இஃது அயலானதன்று. வினைத்திரிபோ சீனத்தில் அறவே இல்லை. நேற்றுச் சென்றாலும் நாளைச் செல்வதாயினும், சென்றது ஆணாயினும் பெண்ணாயினும், வினைச்சொல் ஒரே வடிவினது. ‘நான் வாங்கின நூல்’ என்னும் தொடரையும் நம் முறையிலேயே, நூலை ஈற்றில் வைத்தே சொல்கின்றனர்.

கொரியம் எளிது, சீனம் அரிது என்பார்க்கு ஒரு கணக்குக் கூறுவோம். அமெரிக்க அரசு தன் தூதுவர்க்கு மொழி கற்பிக்கும் நிலையம் இரண்டற்கும் ஒரே அளவு காலம் வகுத்துள்ளது: 2,200 வகுப்பு மணி. அஃது ஆங்கிலம் பேசுவோரைக் கருதிய கணக்கு; இலக்கண ஒற்றுமையால் தமிழர்க்குக் கொரியத்திற் சிறிது குறையலாம் என்பதை ஒப்புகின்றோம். அந்தக் குறைவே எம் கட்சிக்கு அரண். எளிய பகுதி என்றும் எளிதாகவே இருக்கும். முப்பதாம் ஆண்டிலும் அவ்வெழுத்தை மூன்று நாளிற் கற்கலாம். செவி புதிய இசையை ஏற்பதும், நினைவு ஆயிரக்கணக்கான வடிவங்களைத் தாங்குவதும் பத்தொன்பதாம் ஆண்டிற் போல முப்பதாம் ஆண்டில் அமையுமோ? மேட்டை விடியலில் ஏறுவதே வழிநடப்போர் வழக்கம்.

தமிழ் பயில்வார்க்குச் சிறப்பாக உரிய காரணமும் ஒன்றுண்டு. சோழர் தூதுவர் 1015, 1033, 1077 ஆம் ஆண்டுகளிற் சீன அரசவைக்குச் சென்றமையைச் சீன வரலாற்று நூல்கள் குறித்துள்ளன. காஞ்சி நகரைப் பற்றி ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதியுள்ளார். சீனத்துக் சுவான்சௌ துறைமுகத்தில் 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அதன் இறுதியிற் சீன எழுத்தும் உளது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக் காலியில் நிறுவிய கல், 1409 ஆம் ஆண்டு இட்டது, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறிக்கப்பட்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உளது. அக்கல்லில் ஒரு பகுதியை நாம் படிக்கின்றோம். அடுத்த பகுதியில் எழுதியது யாதென்றறிய ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடுகின்றோம். நம் முன்னோரைப் பற்றிப் பிறர் எழுதிய சான்றை மூன்றாமவர் வாய்மொழியாக இன்னும் எத்துணைக் காலம் கேட்பது? பழஞ்சீனம் இன்றைய சீனம் அன்று என்பர். உண்மையே. செய்தித்தாட் டமிழ் அறியாதவன் நேரே புறநானூற்றுக்குச் செல்லுதலும் இல்லையே.

கற்பிப்பார் இங்கு அரியர் என்பது ஒரு தடை. வங்காளத்துச் செராம்பூரில் இருந்த மார்ஷ்மன் ஐயர், மக்காவோவிற் பிறந்த லாசர் என்னும் ஆர்மீனியரிடம் சீனங் கற்று, 1822 இல் விவிலியம் முழுமையையும் அம்மொழியில் முடித்தார். அவர்க்குக் கைப்பேசியும் இல்லை.

சீனத்தோடு 1962 இலும் 2020 இலும் எல்லையில் மோதல் நிகழ்ந்ததே என்பது மற்றொரு தடை. 2019 ஆம் ஆண்டுக் கல்விக்கொள்கை வரைவிற் குறிக்கப்பெற்ற சீனம், 2020 இல் வெளிவந்த கொள்கையின் பட்டியலில் இல்லை, கொரியம் உளது. வேலிச் சண்டையுள்ள அயலானின் மொழியையன்றோ முதலில் அறிதல் வேண்டும்? அவன் வேலிக்கப்பால் பேசுவதைப் பிறர் சொல்லக் கேட்டு உறங்குவார் உளரோ?

எனினும் ஒருவர்முன் எம் வாதம் அனைத்தும் அடங்கிற்று. எம் அறை நண்பர் தந்தையை இழந்தவர். இரு தங்கையர் உளர். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதற் கார்கள் செய்துவரும் கொரிய நிறுவனத்தையும், அதனைச் சூழ்ந்த தொழிற்சாலைகளையும் கருதியே அவர் கொரியம் பயில்கின்றார். பட்டம் பெற்ற அவ்வாண்டிலேயே அவர்க்கு ஊதியம் வேண்டும். வேரும் கல்வெட்டும் அவர் தங்கையர்க்குச் சோறிடா. “உமக்குப் பத்தாண்டு இருக்கிறது, எனக்கு ஓராண்டே” என்று அவர் கூறியபொழுது யாம் மறுமொழி கூறவில்லை. அவர் கற்பது அவர்க்குத் தக்கது. அவர்போன்ற கடமையில்லாது, நாடகத் தொடர்களைக் கண்ட ஆவலால் எளிய வழியை நாடும் எஞ்சிய எண்மரோடேயே எமக்கு வழக்கு.

யாம் புதிதாகத் தொடங்கிய குறிப்பேட்டில் இன்றுவரை 112 எழுத்துக்கள் ஏறியுள்ளன. சென்ற கிழமை அந்நண்பர் தம் பாடநூலைக் கொணர்ந்து, நீச்சலும் கைத்துண்டும் கணக்கும் ஏன் ஒரே ‘சு’வில் தொடங்குகின்றன என வினவினார். மூன்று சீன எழுத்துக்களை வரைந்து காட்டினோம். அவர் நெடுநேரம் நோக்கியிருந்து, தம் நூலின் ஓரத்திற் பென்சிலால் அவற்றைப் பெயர்த்தெழுதிக்கொண்டார். நீருக்குரிய எழுத்தில் ஒரு கோடு குறைந்திருந்தது. அதனை மட்டும் யாம் இட்டுக் கொடுத்தோம்.