பொறுமை மருந்தாகாது

கோரமண்டல் லைன் வீடொன்றில் வாழும் தோழர் ஒருவர் அண்மையில் ஒரு தாளைக் கொடுத்து, தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். பெங்களூரில் அவருடைய துணைவியாருக்குக் கீமோதெரபி அளித்தபோது தந்த ஆங்கிலக் குறிப்பு அது. காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் உடனே மருத்துவமனையை நாடவேண்டும் என்பதே அதன் முதல் எச்சரிக்கை. அது புரியாமலே மூன்று வாரங்கள் கடந்திருந்தன.

கீமோ மருந்து புற்றுநோய்ச் செல்களோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களில் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைகின்றன. அப்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடிய தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கப்பட வேண்டும். நாமாக விழுங்கும் பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்குமே தவிர, தொற்றை நீக்காது. குளிர்நடுக்கம், மூச்சுத்திணறல், நிற்காத இரத்தக்கசிவு, தண்ணீரும் தங்காத வாந்தி, ஓயாத வயிற்றுப்போக்கு, நினைவுத் தடுமாற்றம் ஆகியவையும் விடியும்வரை காத்திருக்கத் தக்கவையல்ல.

சுரங்கத் தூசி தந்த சிலிகோசிஸ் இருமலையும் விதியென்று பொறுத்துக்கொண்ட மண் இது. 'பக்கவிளைவு' என்று நாம் வழங்கும் சொல்லும், தாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று என்னும் எண்ணத்தையே விதைக்கிறது. முடி உதிர்வதைத் தாங்கலாம். காய்ச்சலைத் தாங்குவது மனவுறுதி ஆகாது.

2001இல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின், வேலைக்கும் சிகிச்சைக்கும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கே நம் மக்கள் ரயிலேறுகின்றனர். காய்ச்சலோ காலை ரயிலுக்காகக் காத்திராது. எனவே, சிகிச்சைத் தாள்களுடன் முதலில் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 'கீமோ நோயாளி' என்று வாசலிலேயே சொல்லவேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கச் செய்து, புற்றுநோய் மருத்துவரைத் தொலைபேசியில் கலந்தபின் மேல்சிகிச்சைக்கு மாற்றலாம்.

மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்றாண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என்று ஒன்றிய அரசின் 2025-26 பட்ஜெட் அறிவித்தது. வரவேற்போம். ஆனால் பகலில் செலுத்திய மருந்தின் ஆபத்து நள்ளிரவில் வெளிப்பட்டால் யார் பார்ப்பது? இரவுபகலாக இயங்கும் அவசரப் படுக்கையும், பயிற்சி பெற்ற மருத்துவரும், நோயாளியின் தாய்மொழியில் எச்சரிக்கைத் தாளும் இல்லாத மையம் பாதி மையமே. இவற்றைக் கோரிக்கையாக்கிப் போராடுவது நம் கடமை.

அதுவரை ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் கீமோ பெறுவோரை அறிந்திருக்கட்டும். ஒரு தெர்மாமீட்டர், மருத்துவமனையின் இரவுநேரத் தொலைபேசி எண், அழைத்தவுடன் வரும் ஒரு வாகனம்: இம்மூன்றையும் உறுதிசெய்வதும் கட்சிப் பணியே.