கடதாசியில் உள்ள கேஸ் அடுப்பில் எரியாது



"மன்னாரில் கேஸ் கிடக்குது, எடுத்தால் நம்ம கஷ்டமெல்லாம் போயிடும்" என்ற பதிவு மறுபடியும் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. 2022இல் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற நமக்கு அந்த ஆசை விளங்கும். ஆனாலும் போலந்தின் கதையைக் கேட்டுவிட்டுப் பகிருங்கள்.

ஷேல் கேஸ் என்பது இறுகிய களிப்பாறைக்குள் அடைபட்ட எரிவாயு. ஆழமாகத் துளைத்து, துளையைக் கிடையாகத் திருப்பி, தண்ணீரும் மணலும் இரசாயனமும் அழுத்திப் பாறையை வெடிக்கச் செய்தால்தான் வெளியே வரும். அமெரிக்கா இதில் வென்றது. அடுத்தது போலந்து என்றார்கள். 2011இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிருவாகம் அங்கே 5.3 இலட்சம் கோடி கன மீற்றர் எடுக்கலாம் என்று கணக்குச் சொன்னது. ரஷ்யாவின் பிடியிலிருந்து விடுதலை என்று நாடே கொண்டாடியது.

அடுத்த வருடமே போலந்தின் சொந்தப் புவியியல் நிறுவனம் கணக்கைத் திருத்தியது. மிகச் சாத்தியமானது என்று சொன்ன மதிப்பின் மேல் எல்லையே பழையதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். துளைத்துப் பார்த்தால், பாறை அதிக ஆழத்தில், களியும் கூட, அமெரிக்கப் பாறைபோல உடையவில்லை. 2012இல் எக்ஸொன்மொபில் போனது, 2015இல் செவ்ரோன் போனது. வர்த்தக உற்பத்தி வரவே இல்லை.

2022 ஏப்ரலில் ரஷ்யா கேஸை நிறுத்தியது. அன்று போலந்தைத் தாங்கியது ஷேல் அல்ல. முன்கூட்டியே கட்டிவைத்த திரவ எரிவாயு முனையமும் சேமிப்புக் கிடங்குகளும்தான். அதே வருடம் நோர்வே கேஸைக் கொண்டுவரும் பால்டிக் குழாயும் திறந்தது. கனவு காக்கவில்லை, கட்டியது காத்தது.

மன்னாரில் இருப்பது ஷேல் அல்ல, கடலடியில் உள்ள வழமையான கேஸ்தான். ஆனால் பாடம் ஒன்றே. 2011இல் இரண்டு கிணறுகளில் கேஸ் கண்டார்கள். இன்றுவரை ஒரு வீட்டு அடுப்புக்கும் அது வரவில்லை. எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எடுக்கும்வரை அதை நம் கணக்கில் சேர்க்காதீர்கள் என்கிறோம்.

வகுப்பில் விடையை மட்டும் எழுதினால் நாங்கள் முழுப் புள்ளி போடுவதில்லை, செய்கையைக் காட்டச் சொல்வோம். அரசியல்வாதியிடமும் அதையே கேளுங்கள்: உண்மையில் எவ்வளவு எடுக்கலாம்? செலவு யாருடையது? குழாய் எங்கே? செய்கை காட்டாதவருக்குப் புள்ளி போடாதீர்கள்.